தத்துவெட்டியின் பேத்திமார்

1

ஒக்லாந்தில் நான் பேருந்து ஓட்டுகிறேன். சான்ட்ரிங்ஹாம் வீதியில் ஏறி நகரத்துக்குப் போகிற தமிழர்களில் பாதிப்பேருக்கு என்னைச் சாரதியாகத் தெரியும். மீதிப்பேருக்குக் கல்வெட்டு எழுதுகிறவராகத் தெரியும். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் இல்லை, மரியாதை மட்டும் கொஞ்சம் அதிகம். ஒரு செத்தவீடு என்றால் ஐயருக்கு அடுத்ததாக எனக்குத்தான் தொலைபேசி வரும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கல்வெட்டு என்னவென்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டு நண்பர்கள் கோயிற் சுவரை நினைத்துக்கொள்வார்கள் என்பதால் சொல்கிறேன். எங்களில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அட்டையில் அவருடைய படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். அதுதான் கல்வெட்டு. அதற்குள் நுழைந்த எவரும் வாழ்நாளில் ஒருநாளாவது கோபப்பட்டதில்லை, கடன் சொன்னதில்லை, அயலாருடன் வேலிச் சண்டை பிடித்ததில்லை. செத்தவரே எழும்பி வந்து வாசித்தால் இது யாரப்பா என்று கேட்பார்.

சென்ற வருடம் மனைவியின் மாமா ஒருவரின் முப்பத்தொன்றை எங்கள் மவுண்ட் வெல்லிங்டன் வீட்டில் வைத்தோம். பக்கத்து வீட்டு ஜோனையும் அழைத்திருந்தோம். எண்பத்து மூன்று வயது, தனியாள். பதினாறு வருடமாக எங்களுக்கு அயல். வாழையிலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கத்தரிக்காயைக்கூட மிச்சம் விடாமல் சாப்பிட்டார். போகும்போது அவர் கையிலும் ஒரு கல்வெட்டைக் கொடுத்தோம்.

மறுநாள் காலையில் வேலிக்கு மேலால் அதை நீட்டிக்கொண்டு நின்றார். தன்னுடைய தாத்தாவுக்கும் இப்படி ஒன்று எழுதித் தருவாயா சிவா என்று கேட்டார். எப்போது காலமானார் என்று விசாரித்தேன். தனக்கு ஏழு வயதாக இருக்கும்போது என்றார். முப்பத்தோராம் நாளுக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது என்று சொன்னேன். நல்லவேளை, ஜோனுக்கு என் பகிடிகள் பழகிவிட்டன.

2

விஷயம் பகிடி இல்லை. ஜோனின் தாத்தா வோல்டர் பிரிம்லி கிடக்கிற புதைகுழியில் கல் கிடையாது. வெறும் புல்தான். இன்னாருடைய வலப்பக்கம், இன்னாருடைய காலடி என்று ஜோனின் மனதில் மட்டும்தான் அந்த இடம் இருக்கிறது. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். கணவர் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. தான் போய்விட்டால் தாத்தா எங்கே கிடக்கிறார் என்று சொல்ல உலகத்தில் ஒரு சீவன் இராது என்றார். அதற்கு முன்னால் ஒரு கல் வைத்துவிட வேண்டும். வைக்கிற அன்றைக்கு அவருடைய கதையை யாராவது வாசிக்கவும் வேண்டும்.

கல் வைப்பதற்கு அரசாங்க இடுகாட்டு அலுவலகத்தின் படிவம் ஒன்று இருந்தது. இந்த நாட்டில் இருப்பவனுக்கும் படிவம், கிடப்பவனுக்கும் படிவம். இறந்தவரின் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வேறு வாரிசுகள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு இல்லை என்ற பெட்டியில் ஜோன் அழுத்தமாகச் சரி போட்டிருந்தார்.

அன்று மாலை தேநீரோடு உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். தாத்தா ஓர் உதைபந்து வீரர் என்று தொடங்கினார். நான் ரக்பி என்று எழுதினேன். இல்லை, ஆஸ்திரேலிய விதிப் பந்து என்றார். ரக்பியும் இல்லை, எங்கள் உதைபந்தும் இல்லை. முட்டை வடிவப் பந்து, வட்டமான பெரிய மைதானம், ஒவ்வொரு பக்கமும் வரிசையாக நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையால் உதைத்தால் ஆறு புள்ளி. தவறிப் பக்கத்துக் கம்பத்துக்குள்ளால் போனாலும் ஒரு புள்ளி தருவார்கள். பிழை விட்டவனுக்கும் பரிசு கொடுக்கிற விளையாட்டை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். என் ஓட்டுநர் பரீட்சையில் இந்த முறை இருந்திருந்தால் மூன்றாம் தடவை போகவேண்டி வந்திராது.

வோல்டர் மெல்பேர்ணில் செங்கற் சூளைக்காரன் ஒருவனின் மகன். அந்த விளையாட்டு இன்னும் இளசாக இருந்த காலம் அது. மைதானத்துக்குள் ஒன்றிரண்டு மரங்கள்கூட நிற்குமாம். மழை பெய்தால் தோற்பந்து ஊறிக் கல்லாகிவிடும். ஆட்டக்காரர்கள் வேலைத்தலத்தில் இருந்து நேரே ட்ராம் பிடித்து வந்து ஆடுவார்கள். வோல்டர் குள்ளமானவர். ஆனால் உயரத்தில் வருகிற பந்தைப் பிடிக்க எதிராளியின் முதுகில் முழங்காலை ஊன்றி, தோளுக்கு மேலே எழும்பி நிற்பாராம். அவருக்குச் சனம் வெட்டுக்கிளி என்று பெயர் வைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அதைத் தத்துவெட்டி என்போம். நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

எட்டு வருடம் ஆடி, கடைசி இரண்டு வருடமும் அணித்தலைவராக இருந்தார். கடைசி ஆட்டத்தில் இரு பக்கமும் சமமாக நிற்க, மணி அடிக்கிற நேரத்தில் மைதானத்தின் ஓரத்தில் இருந்து நடுக் கம்பங்களுக்கு இடையால் உதைத்து வென்றாராம். பிறகு முழங்கால் போய்விட்டது. ஒக்லாந்துக்கு வந்து துறைமுகத்தில் வேலை செய்தார், கேற் என்பவரை மணந்தார், ஜோனின் அப்பாவைப் பெற்றார். முற்றத்தில் பேத்திக்குப் பந்து உதைக்கப் பழக்கினார். இடது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. சாகும்போது, எனக்குக் கல் வேண்டாம், பெயர் எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் அன்றே எழுதினேன்: தன்னடக்கத்தின் உறைவிடம்.

3

கல்வெட்டில் பாட்டு வழுக்கலாம், உறவு வழுக்கக்கூடாது. இது நான் பட்டுத் தெளிந்த பாடம். இருபது வயதில் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். ஒரு கல்வெட்டில் இறந்தவரின் மைத்துனர் ஒருவரின் பெயர் என் கவனக்குறைவால் விடுபட்டுப் போனது. அந்த மனிதர் முப்பத்தொன்றுக்கு வந்து, புத்தகத்தைப் பார்த்து, இலையில் சோறு விழ முதல் எழும்பிப் போய்விட்டார். இரண்டு குடும்பமும் பிறகு ஒரு கலியாணத்துக்கும் ஒன்றாக நிற்கவில்லை. அன்றிலிருந்து அன்புக் கணவர், பாசமிகு தந்தை, ஆசை மாமனார், சகலன், சம்பந்தி என்று கடைசி உறவைப் பிடிக்கும்வரைக்கும் நான் பேனையைக் கீழே வைப்பதில்லை.

வோல்டருக்கோ தாய் தகப்பன் பெயரே இல்லை. கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஜோனுக்குத் தெரியாது. தாத்தா மெல்பேர்ணைப் பற்றி ஆட்டத்தையும் செங்கற் சூளையையும் தவிர வேறொன்றும் சொன்னதில்லையாம். எனக்குக் கை அரித்தது.

வரலாற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கிற பொறுப்பு மகள் அபியுடையது. இங்கே பிறந்தவள், இருபத்து நான்கு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், மிகவும் கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். உறவுகளுக்காக நான் விட்டிருந்த ஒரு பக்க வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு அவள் தமிழில் சொன்னாள்:

“அப்பா, இது பயோகிராஃபி இல்லை. கெஸ்ட் லிஸ்ட்.”

இருந்தும் எனக்காக வோல்டர் ஆடிய பழைய கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாள். பழைய பதிவுகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு தொண்டர் அங்கே இருந்தார். தாய் தகப்பன், உடன்பிறப்புகளின் பெயர் கிடைக்குமா என்று கேட்டோம். மனைவி சறோ மட்டும் அடுப்படியில் இருந்து எச்சரித்தாள்.

“அந்தக் கிழவி கேட்டது ரெண்டு பக்கம். நீங்கள் கிணறு வெட்டிப் பூதத்தைக் கிளப்பாதேங்கோ.”

4

முதல் பதில் நான்கு நாளில் வந்தது. தாய் தகப்பன் பெயரோடு பழைய பத்திரிகைச் செய்திகளையும் அந்த மனிதர் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார். தத்துவெட்டி ஒருமுறை எதிரணிக்காரனின் தாடையில் குத்தி அரைப் பருவம் தடை வாங்கியிருக்கிறார். குத்து வாங்கியவனின் தாய் மைதானத்துக்குள் இறங்கிக் குடையால் வோல்டரை விளாசியிருக்கிறாள். அந்தப் புகழ்பெற்ற கடைசி உதையும் நடுக் கம்பங்களுக்கு இடையால் போகவில்லையாம். தவறிப் பக்கத்தால் போய், அந்த ஆறுதல் ஒற்றைப் புள்ளியால்தான் அணி வென்றிருக்கிறது.

ஜோனுக்கு இதைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆறு புள்ளி என்றல்லவா கிழவன் எங்களுக்குச் சொன்னான் என்றார். குடைக் கதையைக் கட்டாயம் போடு என்று எனக்குக் கட்டளையும் வந்தது. கல்வெட்டில் அடி வாங்கிய முதல் ஆள் வோல்டர்தான்.

இரண்டாவது கடிதம் ஒரு கிழமை கழித்து வந்தது. அபி அதைத் தன் கைத்தொலைபேசியில் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

தங்கள் பதிவின்படி வோல்டர் பிரிம்லி ஒக்லாந்தில் இறந்திருக்க முடியாது என்று எழுதியிருந்தார் தொண்டர். அவர் விளையாட்டை விட்ட வருடமே மெல்பேர்ணுக்கு வெளியே ஒரு கடற்கரையில் குளிக்கப் போய் மூழ்கிவிட்டார். உடுப்பும் சப்பாத்தும் மணலில் கிடந்தன, உடல் கிடைக்கவில்லை. எமிலி என்ற மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள், கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது. குடும்பக் கல்லறையில் அவருக்குக் கல் இருக்கிறது. மிஞ்சியிருக்கிற ஒரே வாரிசு பேத்தி ஷேர்லி, அவர் இப்போதும் கழகத்தின் வருடாந்தச் சாப்பாட்டுக்கு வருகிறவர். கூடவே அணியின் படம் ஒன்றும் இருந்தது. முன்வரிசையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஒரு குள்ளமான மனிதர் உட்கார்ந்திருந்தார். இடது கையில் பாதிச் சுண்டுவிரல்.

அங்கே கல் இருந்தது, ஆள் இல்லை. இங்கே ஆள் இருந்தார், கல் இல்லை. தன்னடக்கத்தின் உறைவிடம் என்ற வரியை அன்றைக்கே வெட்டினேன்.

5

மறைத்துவிடுவோமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். பேருந்து நிலையத்தில் கூடவேலை செய்கிற மதுரைக்காரர் முருகேசனிடம் வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன்.

“அப்போ பெரிய வீடு அங்க, சின்ன வீடு இங்கயா? ஆளு கில்லாடிதான் அண்ணே” என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அந்தம்மாவுக்கு யார் சொல்லப் போறது என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன். படத்தையும் காட்டினேன். ஜோன் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, உன்னிடம் நான் இதைக் கேட்கவில்லையே சிவா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. எங்கள் வீட்டுக் கறிப் பாத்திரத்தை ஜோன் ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தந்தது கிடையாது. வெறும் பாத்திரம் திருப்பக்கூடாது என்று சறோ எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழமோ தக்காளியோ போட்டுத்தான் தருவார். அந்த முறை பாத்திரம் கழுவித் துடைத்து, வெறுமையாக எங்கள் படியில் இருந்தது. சறோ அதைக் கையில் எடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு வெட்கமாகவும் கவலையாகவும் இருந்தது.

உண்மையைச் சொன்னால், தத்துவெட்டியை முழுதாகத் திட்டவும் என்னால் முடியவில்லை. கடல் தாண்டியவன் என்ற முறையில் அந்த ஆசை எனக்குத் தெரியும். இங்கே வந்து இறங்கிய புதிதில், என்னை ஒருவருக்கும் தெரியாத ஒரு நாட்டில் நான் யாராகவும் இருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. சப்பாத்தை மணலில் விட்டுவிட்டு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வயதுப் பிள்ளையை நினைத்தால் கல்வெட்டைக் கிழித்து எறியலாம் போலவும் இருந்தது.

மூன்றாவது கிழமை ஜோன் படிவத்தோடு வந்தார். இல்லை என்ற பெட்டியில் போட்ட சரியை வெட்டியிருந்தார். தெரிந்துகொண்டு பொய் எழுத முடியாது என்றார். ஷேர்லிக்குத் தானே கடிதம் எழுதிப் போட்டாயிற்றாம். அவர் கையெழுத்துப் போட்டால் கல், போடாவிட்டால் புல்.

6

ஷேர்லி பதில் எழுதவில்லை, நேரே வந்துவிட்டார். விமான நிலையத்துக்கு நான் போனேன், அது என்னுடைய பிராயச்சித்தம். எண்பது வயது, கைத்தடி, இறுக்கமான வாய். வந்த வேகத்தில் சுங்கத்தில் நின்ற அதிகாரிகளைப் பற்றி முறைப்பாடு சொன்னார். வீட்டுத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டு வந்த பூக்களை எடுத்துவிட்டார்களாம். இந்த நாட்டுக்குள் ஆளை விட்டாலும் பூவை விடமாட்டார்கள் என்று சொன்னேன். எங்கள் தாத்தாவையே விட்டிருக்கிறார்களே என்றார் பதிலுக்கு. இவர் ஜோனின் இரத்தம்தான் என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

ஜோனையும் ஏற்றிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனோம். ஜோன் புல்லில் ஓர் இடத்தைக் காட்டினார். ஷேர்லி கைத்தடியால் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தார்.

“என் அப்பாதான் அந்த இரண்டு வயதுப் பிள்ளை” என்றார். “ஒவ்வொரு வருடமும் எங்களை அந்தக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். பூப் போட்டுவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் போன பிறகு நான் போகிறேன். கல் வேண்டாம் என்று இந்த மனிதர் சொன்னாராமே. முதல்தடவையாக ஒரு நியாயமான சொல் சொல்லியிருக்கிறார், அப்படியே கிடக்கட்டும்.”

ஜோன் கைப்பையில் மடித்து வைத்திருந்த படிவத்தை வெளியே எடுக்கவே இல்லை. 

சாப்பாடு எங்கள் வீட்டில். ஷேர்லி சோற்றை முள்ளுக்கரண்டியால் கிளறிக்கொண்டு, நீங்கள் எழுதியதைத்தான் வாசியுங்களேன் என்றார். அபி ஆங்கிலத்தில் வாசித்தாள். மரம் நின்ற மைதானம், ஊறிய பந்து, எதிராளியின் தோள், குடை எல்லாம் வந்தன. குடைக்கு ஷேர்லியின் வாய் கொஞ்சம் இளகியது. அன்புக் கணவர் என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

“அதை வெட்டுங்கள்.”

வெட்டினேன். முப்பது வருடக் கல்வெட்டு அனுபவத்தில் அன்பை வெட்டியது அன்றுதான்.

அபி உறவுப் பட்டியலுக்கு வந்தாள். மெல்பேர்ணில் எமிலியின் பிள்ளைகள், ஒக்லாந்தில் கேற்றின் பிள்ளை, பேரர், பேத்திமார். ஜோனையும் ஷேர்லியையும் நான் சகோதரிகள் என்று ஒரே வரியில் போட்டிருந்தேன். ஷேர்லி அது பிழை என்றார். இருவருடைய தகப்பன்மாரும் ஒரு தகப்பனுக்கு வேறுவேறு தாய்மாரிடம் பிறந்தவர்கள். ஆங்கிலத்தில் இந்த உறவுக்கு அரை ஒன்றைக் கட்டாயம் போடவேண்டும், ஹாஃப் கசின்.

நான் வாயைத் திறக்க முன் அபி தொடங்கிவிட்டாள். தமிழில் சகோதரர்கள் இருவரின் பிள்ளைகள் அக்காவும் தங்கையும்தான், தாய் வேறு என்றாலும் சரி, கடல் நடுவில் கிடந்தாலும் சரி. அரை என்று ஒன்றை எங்கள் ஆட்கள் வைக்கவே இல்லை. தனக்கு இப்படிக் கனடாவிலும் இலண்டனிலும் ஒன்பது அக்காமார் இருக்கிறார்கள், ஒருத்திகூட முழு அக்கா இல்லை, ஒருத்திகூட அரையும் இல்லை. கல்வெட்டைக் கெஸ்ட் லிஸ்ட் என்றவளின் வாயிலிருந்து இது வருகிறது. நான் சறோவைப் பார்த்தேன், சறோ என்னைப் பார்க்காமல் அப்பளம் பரிமாறினாள்.

ஷேர்லி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். தனக்கு மூன்று அண்ணன்மார் இருந்தார்கள், மூவரும் போய்விட்டார்கள், அக்கா என்று ஒருத்தி இருந்ததில்லை என்றார். பிறகு ஜோனிடம் வயதைக் கேட்டார். எண்பத்து மூன்று என்றார் ஜோன்.

“அக்கா சொன்னால் தங்கை கேட்க வேண்டுமா உங்கள் முறையில்?” என்று அபியைக் கேட்டார்.

“கேட்கவேணும்” என்றாள் அபி தமிழில். பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாள்.

“அப்படியென்றால் முடிவு அவருடையது. ஆனால் கல்லில் என் பாட்டியின் பெயரும் இருக்க வேண்டும், மனைவிமாரில் முதலாவதாக.”

முதலாவதாகத்தான் என்று ஜோன் உடனே சொன்னார். படிவம் கைப்பையில் இருந்து வெளியே வந்தது. மற்ற விண்ணப்பதாரருக்கு நீங்கள் என்ன உறவு என்ற பெட்டியில் ஷேர்லி சகோதரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதை அலுவலகம் திருப்பி அனுப்பும் என்று அபி என் காதுக்குள் சொன்னாள்.

7

அனுப்பியது. இரண்டு விண்ணப்பதாரர்களின் பெற்றோரும் வேறுவேறாக இருப்பதால் உறவைத் திருத்தி அனுப்பும்படி ஒரு கடிதம் வந்தது. ஜோன் ஓர் எழுத்தையும் திருத்தாமல் அதே படிவத்தைத் திரும்ப அனுப்பினார். பிறகு அலுவலகத்தில் இருந்து ஓர் இளைஞர் தொலைபேசி எடுத்தார். நான் அப்போது ஜோனின் குசினியில் குழாய் திருத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் இருவரும் எந்த முறையில் சகோதரிகள் என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“தமிழ் முறையில்” என்றார் ஜோன்.

 அந்தப் பிள்ளை விளக்கம் கேட்க, ஜோன் என்னை வைத்துக்கொண்டே, நான் சொல்லியிராத மூன்று விதிகளையும் சேர்த்து அரை மணித்தியாலம் பாடம் எடுத்தார்.

அனுமதிக் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கல்லுக்குச் சொல்லியாயிற்று. மேலே வோல்டரின் பெயர், கீழே எமிலி, அதற்குக் கீழே கேற். அன்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. கல் வைக்கிற அன்றைக்கு ஷேர்லி வருகிறார். இந்த வருடம் அவர் கடற்கரைக்குப் போகவில்லை.

கடிதம் வந்த அன்று பின்னேரம் ஜோன் மெல்பேர்ணுக்குத் தொலைபேசி எடுத்தார். இருவருக்கும் காது மந்தம், ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கதைப்பார்கள். ஆகவே வேலிக்கு இந்தப் பக்கம் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற எனக்கு எல்லாமே கேட்டது. கடிதத்தில் விண்ணப்பதாரர்கள் என்ற இடத்தில் சகோதரிகள் என்று அரசாங்கமே அச்சடித்து அனுப்பியிருக்கிறது என்று ஜோன் வாசித்துக் காட்டினார். திரும்ப வாசி என்றது ஷேர்லியின் குரல். ஜோன் திரும்பவும் வாசித்தார்.

“அரசாங்கமே எழுதிவிட்டதா?” என்றார் ஷேர்லி.  “அப்படியென்றால், இனி இந்தக் குடும்பத்தில் ஒருவரும் என்னை விட்டுவிட்டுப் போக முடியாது.”

“இடுப்பு இருக்கிற இருப்புக்கு” என்றார் ஜோன், “நான் எங்கேயடி போகப்போகிறேன்?”